கால் ஊன்றும் பலகை

அடியே பின்சீட்டுக்காரி,

ஏரி உறைஞ்சு போச்சு. துடுப்பைத் தொட வழியில்ல. எங்களை ஓட விட்டு, வெயிட் தூக்க வெச்சுப் பிழிஞ்செடுக்கிறார் கோச். நீ வழுக்கி விழுந்த பனிப்பாதையில இப்பத்தான் மணல் கொட்டியிருக்காங்க. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

டாக்டர் உன் காலைப் பத்திச் சொன்னதை உங்க அம்மா போன்ல சொன்னாங்க. அதை விடு.

உன் இடத்துக்கு ஒருத்தி வந்திருக்கா. உன்னைவிடக் குள்ளம். நம்ம படகுல நீ கால் ஊன்றுற பலகையை அவளுக்குத் தோதா நகர்த்தணுமாம். அதோட போல்ட்டைக் கழட்டுற அந்தச் சின்ன ஸ்பேனரைக் காணோம்னு சொல்லிட்டேன். எல்லாரும் ஷெட்டையே புரட்டிப் போட்டாங்க. நானும் கூடவே தேடினேன்.

இந்தப் பாழாப்போன டிராக்ஸூட்டுக்குப் பாக்கெட் இல்ல. ஸ்பேனரை ஷூவுக்குள்ள போட்டு வெச்சிருந்தேன்.

ஓடும்போது வலிச்சுதுடி. நல்லா வலிச்சுது.

உன் முன்சீட்டு