உன் அம்மா ஒட்டிய பட்டியல்

பெல்மர், அர்கன்சா
1986 நவம்பர் 25, செவ்வாய்

அன்பு மகள் கோரினுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நாயும் சுகம், நாய் எங்களைவிட ஒரு படி கூடுதல் சுகம். அலாஸ்காவில் நீ இன்னும் உறைந்துபோகாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன், உறைந்திருந்தால் யாராவது உன்னை அடுப்பருகே நிறுத்திவைத்து வாசித்துக் காட்டட்டும். நீ அனுப்பிய சால்மன் மீன் டப்பாக்கள் வந்து சேர்ந்தன. அம்மா ஒன்றைத் திறந்து உருண்டை பிடித்துப் பொரித்தாள், நான் ஏழு தின்றேன், அவள் ஐந்து என்றுதான் உனக்கு எழுதச் சொன்னாள்.

இந்த மாதம் இங்கே நடந்ததைக் கேள். என் கடிதத்தை ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்யும் நர்ஸுகளுக்கும் வாசித்துக் காட்டுவதாக எழுதியிருந்தாய், அதனால் அவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன். உன் அம்மா பதினோரு வருஷமாக நம் பக்கத்துக் கல்லூரி ஃபுட்பால் அணிகள் பதினாறையும் வரிசைப்படுத்தி, சீசன் முழுக்கத் திங்கட்கிழமைதோறும் என் முடிவெட்டும் கடைக் கண்ணாடியில் ஒட்டி வருகிறாள். எத்தனை ஆட்டம் ஜெயித்தாய் என்று அவள் கேட்கவே மாட்டாள், யாரை ஜெயித்தாய் என்றுதான் கேட்பாள். வலுவான அணியை ஜெயித்தால் பத்துப் புள்ளி. வலுவான அணியோடு கடைசிவரை முட்டி மோதி ஒரு டச் டவுன், அதாவது பந்தோடு ஒருதரம் கோட்டைத் தாண்டினால் வருகிற ஏழு பாயின்ட், வித்தியாசத்துக்குள் தோற்றால் ஐந்து. நோஞ்சான் அணியை அறுபது பாயின்ட் வித்தியாசத்தில் துவைத்துப் போட்டாலும் ஒன்றே ஒன்று. செய்தித்தாள்காரர்கள் கைதூக்கி ஓட்டுப் போட்டு வரிசை போடுகிறார்கள், இவள் பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோளரொட்டி சுட்டுவிட்டு வந்து பென்சிலைச் சீவிக்கொண்டு உட்காருகிறாள், எனக்கு எவனைவிடவும் இவள் மேல்தான் நம்பிக்கை. என்னை எத்தனையாவது இடத்தில் வைத்திருக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "நீ இதுவரைக்கும் பலமான ஆளோட மோதுனதே இல்லியே ஹாய்ட், எப்படிச் சொல்றது" என்றாள். முப்பது வருஷமாக அவளோடுதானே மோதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

இந்த வருஷம் நம் பெல்மர் அணி ஆடிய ஒன்பதிலும் ஜெயித்தது. ஊரே தரையில் நிற்கவில்லை. எல்லாரும் பாடிய பாட்டு ஒன்றுதான், செப்டம்பரில் லேனியரை அடித்தோம், அப்போது லேனியர் செய்தித்தாள் வரிசையில் ஆறாம் இடம், பார்த்தாயா எங்கள் பையன்களை என்று. அம்மாவும் அதற்குப் பத்துப் புள்ளி கொடுத்து நம்மை இரண்டாம் இடத்தில் வைத்திருந்தாள். நவம்பர் பத்தாம் தேதிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போய் வந்து செய்தித்தாளை விரித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த லேனியர் நம்மிடம் தோற்றதிலிருந்து வரிசையாக ஏழு ஆட்டம் தோற்றிருக்கிறது, ஊர் பேர் தெரியாதவர்களிடமெல்லாம் உதை வாங்கியிருக்கிறது. செப்டம்பரில் அது ஆறாம் இடம் என்று யாரோ ஓட்டுப் போட்டதுதானே தவிர அது எப்போதும் பலமான அணியே இல்லை. பத்தை அடித்து ஒன்று போட்டாள். பெல்மர் இரண்டிலிருந்து எட்டுக்கு இறங்கிவிட்டது. பட்டியலுக்குக் கீழே தன் கையால், லேனியருக்கு நான் போட்ட புள்ளி தப்பு, தப்பு என்னுடையது, நெல்டா டாக்கெட் என்றும் எழுதிவிட்டாள்.

அவ்வளவுதான், ஊர் திரண்டு வந்தது. தீவனக் கடை கிளோவிஸ் ராட்லிஃப்பை உனக்குத் தெரியும், அணியின் ஆதரவாளர் சங்கத்துக்குத் தலைவன், ஆட்ட நாளில் மாட்டுக்குக்கூட அணியின் வண்ணத்தில் துணி கட்டுகிறவன். என் கடை வாசலில் நின்று, "ஹாய்ட், இத நீ கிழிக்கறியா, இல்ல நாங்க எங்க தலைய வேற கடையில குடுக்கவா" என்றான். உன் தலையில் வெட்ட என்ன மிச்சம் இருக்கிறது, மூன்று முடிக்கு நான் இதுவரை தள்ளுபடி கொடுத்ததே தப்பு என்றேன். ஆனால் சொன்னபடி செய்துவிட்டார்கள் கண்ணு. பதினான்கு மைல் ஓட்டிப் பக்கத்து ஊரில் போய் வெட்டிக்கொண்டார்கள், அங்கே இருக்கிறவன் ஆட்டுக்கு மயிர் கத்தரித்துப் பழகியவன் போல, காதுக்கு மேலே படி படியாக வைத்து அனுப்பினான். சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் கடையில் நாற்காலி காலியாகக் கிடந்தது. ஒருநாள் நானும் மெதுவாக அம்மாவிடம், சீசன் முடிகிறவரை பட்டியலை உள்பக்கச் சுவரில் ஒட்டலாமா என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "உன் கடை, உன் கண்ணாடி. எடுத்துடுன்னா எடுத்துடறேன். ஆனா அப்புறம் எழுத மாட்டேன்" என்றாள். நான் போய் நான்கு மூலைக்கும் இன்னும் ஒரு சுற்று டேப் ஒட்டினேன்.

அப்புறம் கிளோவிஸ் அவளிடமே பந்தயம் கட்டினான். "சனிக்கிழமை ஆஷ்போர்னோட ஆட்டம். நாங்க ஜெயிச்சா நீயே உன் கையால கிழிச்சுப் போடணும், இனிமே ஒட்டவும் கூடாது" என்றான். "தோத்தா?" என்றாள். "தோத்தா ஆயுசுக்கும் அது அங்கயே தொங்கட்டும்." அம்மா சரி என்றுவிட்டாள். ஆஷ்போர்ன் என்றால் தெரியுமே, இந்த வருஷம் எவரையும் முப்பது பாயின்ட்டுக்குக் குறைந்து அடிக்கவில்லை. எனக்குத்தான் தர்மசங்கடம். பெல்மர் ஜெயிக்க வேண்டும், அம்மாவின் பட்டியலும் இருக்க வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து எப்படி ஜெபம் செய்வது என்று பாதிரியாரும் சொல்லித் தரவில்லை.

ஆட்டத்தைப் பார்க்க நீ இல்லாமல் போனாய். நம் பையன்கள் ஆடியதை என்ன சொல்ல. ஒவ்வொருவனும் எதிரியைவிட நாற்பது பவுண்டு குறைவு, ஆனால் விழுந்தவன் விழுந்த இடத்தில் கிடக்கவில்லை. ஆஷ்போர்ன் இருபது, நாம் பதினேழு, கடைசி நிமிஷம், பந்து நம் கையில், கோட்டுக்கு இரண்டு கஜம். நான்கு தடவை முட்டினார்கள். நான்காவது தடவை குவியலைப் பிரித்துப் பார்த்தால் பந்து கோட்டுக்கு ஒரு கை அகலம் இந்தப் பக்கம், தோற்றுவிட்டோம். அம்மா பென்சிலை மடியில் போட்டுவிட்டு எழுந்து நின்று கை தட்டினாள், அழுதுகொண்டே. பந்தயத்தில் ஜெயித்தவள் அழுததை முதல்முறையாகப் பார்த்தேன்.

நேற்று திங்கட்கிழமை. புதுப் பட்டியலில் நம்மைப் பதினைந்தாம் இடத்துக்குத் தள்ளியிருப்பாள் என்றுதான் வாசலில் கூட்டம் கூடியது. பெல்மர் நான்காம் இடம். கிளோவிஸ் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தான். "நெல்டா, தோத்ததுக்கு மேல ஏத்தி வெச்சிருக்கியே, பரிதாபமா?" என்றான். அதற்கு உன் அம்மா, "பரிதாபமாவது. ஒம்பது பேர ஜெயிச்சப்ப நீங்க யாருன்னு எனக்குத் தெரியல கிளோவிஸ். சனிக்கிழமதான் தெரிஞ்சுது" என்றாள். கிளோவிஸ் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டான். அப்புறம் என்னிடம் ஒரு காகிதம் கேட்டான், தீவனக் கடை ஜன்னலிலும் ஒட்ட வேண்டுமாம். அம்மா, ஒரு இடத்தைக்கூட மாற்றக் கூடாது, லேனியரைப் பற்றிக் கீழே நான் எழுதியதையும் சேர்த்து எழுது என்றாள். அந்தப் பெரிய ஆள் கண்ணாடிமேல் காகிதத்தை வைத்துப் பதினாறு பெயரையும் எழுதினான், கடைசியில் லேனியருக்குப் போட்ட புள்ளி தப்பு, தப்பு எங்களுடையது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

இனி உனக்கு. ஈரக் காலுறையோடு படுக்காதே. தாடிக்கார விமானி ஒருவனைப் பற்றி இரண்டு கடிதமாக எழுதுகிறாய், அவனை நாங்கள் பார்க்கும்வரை எதற்கும் தலையாட்டாதே. மேற்குக் கரை ஆட்டங்களின் முடிவு நம் ஊர்த் தாளில் சரியாக வருவதில்லை, அடுத்த வருஷம் அம்மா அந்த அணிகளையும் பட்டியலில் சேர்க்கப் போகிறாளாம், உன் ஊர் ஞாயிற்றுக்கிழமைத் தாளை வெட்டி அனுப்ப மறக்காதே. கர்த்தர் உன்னை எல்லாக் குளிரிலும் காக்கட்டும், நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும்.

எப்போதும் உன் அன்பு அப்பா,
ஹாய்ட் டாக்கெட்
(அம்மா முத்தம் அனுப்புகிறாள்)