வலது பாதத்தில் ஒரு பெருக்கல் குறி

ஆகஸ்ட் 4, திங்கள்
விடிந்ததிலிருந்து சாரல். போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியவில்லை. ஒப்பந்தத்தில் ஆறாம் நாள், இன்னும் பத்து. இந்த ஆஸ்பத்திரிக்கு நிரந்தர டாக்டர் கிடைக்கும்வரை என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கே கிடைக்க! எத்தனையாவது ஊர் இது என்று எண்ணுவதையே விட்டாயிற்று.

குடை வாங்க. எக்ஸ்ரே அறையில் மாட்டும் ஈய அங்கியில் கிழிசல், சொல்ல.

ஒரே நோயாளி. பேச்சியம்மாள், 52, எஸ்டேட்டில் ஏலக்காய் எடுப்பவர். சர்க்கரை. வலது கால் ரத்தக்குழாயில் அடைப்பு, கட்டைவிரல் நுனி கறுப்பு. பாதத்தில் நாடி லேசாகத் துடிக்கிறது. துடிக்கும் இடத்தில், மறுபடி தேடாமலிருக்க, மார்க்கரால் பெருக்கல் குறி போட்டேன், வழக்கம்போல. வியாழனன்று அடைப்பை எடுத்தால் கால் தப்பும்.

நடுங்கிப்போய்க் கேட்டார்: "கத்தி வைப்பீகளாய்யா?"

"கத்தியே கிடையாதும்மா. தொடையில ஊசி அளவுக்கு ஓட்டை. சின்ன வேலை."

முகம் தெளிந்தது. எனக்கும் சந்தோஷம்.

ஆக. 7, வியாழன்
மழை. எட்டு மணி முதல் ஒன்று வரை அங்கியை மாட்டிக்கொண்டு காத்திருந்தேன். இடுப்பு போச்சு. ஆள் வரவில்லை.

நர்ஸ் ஈஸ்வரி போன் போட்டாள். மறுமுனையில் பேச்சியம்மாள், பின்னால் மழைச் சத்தம்.

"சின்ன வேலைன்னுதானத்தா அய்யா சொன்னாக? இந்தச் சுத்து காயெடுத்து முடிச்சிட்டு வெரசா வந்துர்றேன். விட்டா காய் பழுத்து வெடிச்சுரும்."

போனைப் பிடுங்கிக் கத்தினேன், கால் போயிடும் என்று. பாதியில் கட். எதைக் கேட்டாரோ.

ஈஸ்வரி பக்கத்துச் சிலமலைக்காரி, முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். "கத்தின்னு சொல்லியிருந்தா பயந்துக்கிட்டாவது வந்திருக்கும் சார்."

சரிதான். என் வாய்தான்.

ஆக. 10, ஞாயிறு
கொஞ்சம் வெயில். துணி காய்ந்தது. ஜீப் ஸ்டாண்டுக்குப் போய், எஸ்டேட் ஆள்களை ஏற்றும் டிரைவரிடம் பேச்சியம்மாளுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். "சொல்லிப்புடுறேன் சார்." பார்க்காமலே பையில் செருகினார். நம்பிக்கையில்லை.

மகள் போனில்: "இப்ப எந்த ஊருப்பா?"

ஆக. 14, வியாழன்
கடைசி நாள். சாரல். பெட்டி கட்டியாயிற்று. குடை வாங்கவே இல்லை.

பத்து மணிக்குப் பேச்சியம்மாள். சிரித்துக்கொண்டே நொண்டி நொண்டி வந்தார். வலது பாதத்தில் பிளாஸ்டிக் கவர், கணுக்காலில் ரப்பர் பேண்டு இரண்டு சுற்று.

கவரைக் கழற்றியதும் வாடை. ஈஸ்வரி ஜன்னலைத் திறந்தாள். ஐந்து விரலும் கறுப்பு, பாதம் முழுக்க ஊதா. கருவியை வைத்து முழங்கால்வரை நாடி தேடினேன். ஒன்றுமில்லை. இனி என் ஊசிக்கு வேலையில்லை. மதுரை பெரியாஸ்பத்திரிக்கு எழுதினேன். கத்திதான். அதை நான்தான் அவரிடம் சொல்ல வேண்டும்.

வாயைத் திறப்பதற்குள் அவரே காலை நீட்டினார்.

"குறி அழிஞ்சுபோனா எங்கன துடிக்குதுன்னு அய்யா தடுமாறுவாகன்னு, கவரைப் போட்டு இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான்யா அம்புட்டு நாளும் மழையில நின்னேன். பாருங்க, அழியவேயில்ல."

பார்த்தேன். அழியவில்லை.