இரண்டு நிலவுகளின் மணப்பெண்

முதலியார்பேட்டை, புதுச்சேரி
20 பிப்ரவரி 2025

அன்புள்ள வரலட்சுமி அக்காவுக்கு,

அமுதவல்லி எழுதுகிறேன். உங்கள் எதிர்வீட்டு அமுதா. ரெட்டைப் பின்னலோடு உங்கள் மாடிப்படியிலேயே குடியிருந்தேனே, அவள்தான். இப்போது எனக்கு ஐம்பது வயது, பின்னல் எலிவால் ஆகிவிட்டது. உங்கள் சித்தப்பா மகன் தட்சிணாமூர்த்தி அண்ணன் விலாசம் கொடுத்தார். போன் நம்பரும்தான் கொடுத்தார். ஆனால் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கள் செழியன் அண்ணன் போய்விட்டார், அக்கா. ஜனவரி ஒன்பதாம் தேதி, மாரடைப்பு. லைன்மேனாக முப்பத்தைந்து வருஷம் மின்கம்பம் ஏறியவர், நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது போனார். பெண்டாட்டி பிள்ளை இல்லாததால் என் மகன்தான் கொள்ளி வைத்தான்.

அவர் பெட்டியில் அந்தப் படக்கதைப் புத்தகம் இருந்தது. உங்கள் அப்பா பிரான்சிலிருந்து கொண்டுவந்தது, 1967ஆம் வருஷத்து இதழ், ‘இரண்டு நிலவுகளின் மணப்பெண்’. அட்டையில் நீலக் கையுறைக்காரன் பறக்கிறான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு வேற்றுக் கிரகத்துப் பச்சை நிறப் பெண். உள்ளே எல்லா பலூனிலும் பிரெஞ்சு வசனத்துக்குப் பக்கத்தில் உங்கள் பென்சில் தமிழ். திறந்தால் ஸ்ட்ராபெரி வாசனை வருகிறது, எங்கிருந்து என்றுதான் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடைசிப் படத்தில் அந்தப் பெண் என்ன சொல்கிறாள்? எத்தனையோ பெண் பார்த்தோம், அண்ணன் ஒன்றுக்கும் ஒப்பவில்லை. காரணம் அந்த வரிதான் என்று என் மனசு சொல்கிறது. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. ஆனாலும் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும்.

உங்கள்
அமுதா

*

தூலோன், பிரான்ஸ்
11 மார்ச் 2025

அன்பு அமுதாவுக்கு,

உன் கடிதத்தை சமையலறையில் நின்றபடியே படித்தேன். அப்படியே உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். என் தமிழ்க் கையெழுத்து இப்படிக் கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள். இங்கே கடைக்குச் சீட்டு எழுதக்கூட அது பயன்படுவதில்லை.

செழியனுக்கு ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாது. அந்த நீலக் கையுறைக்காரன் கப்பித்தேன் வெலோரை ‘வேலூர் கேப்டன்’ என்பார். “வேலூருக்காரன் எதுக்குங்க நட்சத்திரத்துல போய்ப் பொண்ணு எடுக்குறான், ஆம்பூர்ல கெடைக்கலியா?” என்று அவர் கேட்டதற்கு நான் சிரித்த சிரிப்பில் அப்பா மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். அவர் சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பட்டாளத்துக் குரலில் கேட்டார், “அங்க என்ன சத்தம்?” அன்றைக்கு நடுவில் உட்கார்ந்து எங்களைக் காப்பாற்றியவள் நீ.

என் வீட்டுக்காரர் போய் நான்கு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் லியோனில் இருக்கிறார்கள். எனக்கு முழங்கால் வலி. மற்றபடி சுகம் என்று எழுதத்தான் வேண்டும்.

கடைசி வரி எனக்குச் சரியாக ஞாபகமில்லை. பென்சிலில் என்ன இருக்கிறது என்று நீயே பார்த்து எழுதேன்.

அன்புடன்
வரலட்சுமி

*

முதலியார்பேட்டை
2 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பென்சிலில் இருப்பது இதுதான்: ‘எனக்காகக் காத்திரு.’ அதற்கு முந்தின படத்தில், இரண்டு நிலவும் சேரும் நாளில்தான் இரண்டு உலகத்துக்கும் வழி திறக்கும் என்று அவன் சொல்கிறான்.

அண்ணன் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் சாயங்காலம் வைத்திக்குப்பத்துக் கடற்கரைக்குப் போய்விடுவார். கடலிலிருந்து நிலா எழும்பும்போது, அதுவும் தண்ணீரில் தெரியும் அதன் நிழலும் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். மழை, புயல் எதுவும் அவருக்குக் கணக்கில்லை. நாங்கள் கிண்டல் செய்வோம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

போன மாசம், மாசிப் பௌர்ணமி அன்று, நானே போனேன். சற்று முன்புதான் தூறி ஓய்ந்திருந்தது. அங்கே மீன் விற்கும் சின்னப்பொண்ணு என்னைக் கண்டதும், “இன்னா அமுதா, இப்பத்தான் உங்கண்ணன் எழுந்து போறாரு, வழியில பாக்கலியா? ரெண்டு மாசமா ஆளையே காணோம், இன்னிக்கு வந்து அந்தப் போட்டு மேல குந்தியிருந்தாரு” என்றாள். செத்துப்போன சேதி அவளுக்கு எட்டவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தப் படகுக்குப் போனேன். பலகை முழுக்க ஈரம். ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு மட்டும் காய்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், அக்கா. வெதுவெதுப்பாக இருந்தது. அன்றிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது, அவரிடமல்ல.

உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் காத்திருக்கச் சொன்னீர்களா?

அமுதா

*

தூலோன்
25 ஏப்ரல் 2025

அமுதாவுக்கு,

நான் அப்படி எழுதவில்லை. இப்போது நன்றாக ஞாபகம் இருக்கிறது, முதலிலும் இருந்தது. நான் எழுதியது ‘எனக்காகக் காத்திருக்காதே.’

அப்பா இங்கே எனக்கு மாப்பிள்ளை முடிவு செய்துவிட்டார். நாங்கள் பிரான்சுக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள்தான் என்னிடம் சொன்னார்கள். செழியன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அந்த வரியைப் பச்சைப் பெண் வாயில் போட்டு, புத்தகத்தை உன்னிடம் கொடுத்தனுப்பினேன். அவர் ஒரு வரி பதில் எழுதவில்லை. புரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

1998இல் ஊருக்கு வந்தபோது பெரிய மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். பக்கத்தில் என் வீட்டுக்காரரும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். பிள்ளைகளின் தலையைத் தடவிவிட்டு, “ரெண்டு நிலவும் இன்னும் சேரல போல” என்றார். குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன், அமுதா. சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார். நான் பென்சிலை அழுத்தி எழுதுகிறவள், தடம் இருக்கும். ‘க்காதே’யை அவரே அழித்துக்கொண்டாரா? அப்படிச் செய்திருந்தால் எனக்கு இனி தூக்கம் கிடையாது.

வரலட்சுமி

*

முதலியார்பேட்டை
18 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கத் தேவையில்லை. அழித்தது நான்.

வாசனை எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை என்று எழுதினேனே, அது பொய். உங்கள் அப்பா எனக்குக் கொடுத்த ஸ்ட்ராபெரி ரப்பர் அது. முப்பத்தொன்பது வருஷமாகியும் அந்தப் பக்கத்தை விட்டு வாசனை போகவில்லை.

அன்றைக்கு நீங்கள் எழுதும்போது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கடைசி பலூனை வாய்விட்டுப் படித்தீர்கள். “அத்தான் முவா” என்று என் காதில் விழுந்தது. அத்தான் என்றுதானே அந்தப் பெண் அவனைக் கூப்பிடுகிறாள். நீங்களும் எங்கள் அண்ணனை மனசுக்குள் அப்படித்தான் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கீழே ‘காத்திருக்காதே’ என்று எழுதி, அழுதுகொண்டே என் கையில் கொடுத்தீர்கள். அத்தான் என்று கூப்பிடுகிறவள் ஏன் காத்திருக்காதே என்பாள்? அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றியது. எனக்குப் பதினோரு வயது. கண்ணாடி முன்னால் நின்று உங்களை ‘அண்ணி’ என்று கூப்பிட்டுப் பழகிக்கொண்டிருந்தேன்.

மூன்று எழுத்துதான், அக்கா. வாயால் ஊதித் துடைத்துவிட்டு அண்ணனிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார்.

பெரியவளான பிறகு எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அவர் தலை வாரிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்ததும் வார்த்தை உள்ளேயே போய்விடும். பிரெஞ்சிலும் ‘காத்திரு’ என்றே இருந்துவிடாதா என்ற ஆசையில்தான் உங்களுக்கு எழுதினேன். வேறு யாரிடமும் புத்தகத்தைக் காட்டப் பயந்தேன்.

பாவி என்று திட்டி எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மார்கழியில் அண்ணனுக்கு வருஷத் திதி வருகிறது. அதற்கு ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள். உங்களுக்காகக் காத்திருப்பேன்.

அமுதா

*

தூலோன்
14 செப்டம்பர் 2025

அமுதாவுக்கு,

நான்கு மாதமாக உனக்கு எழுதாமல் இருந்தது கோபத்தால்தான். அதை மறைக்கப் போவதில்லை. உன் கடிதத்தை இரண்டு தடவை குப்பையில் போட்டு இரண்டு தடவையும் எடுத்தேன்.

நீ கேட்ட பிரெஞ்சு வரி: ‘அத்தாம் முவா.’ உன் காதில் விழுந்த அத்தான் அதுதான். அதற்கு அர்த்தம் ‘எனக்காகக் காத்திரு.’

புத்தகத்தில் அந்தப் பெண் காத்திருக்கத்தான் சொல்கிறாள். ‘க்காதே’யைச் சேர்த்தவள் நான். பக்கம் முழுக்க ஒழுங்காக மொழிபெயர்த்தவள் கடைசி வரியில் மட்டும் பொய் எழுதினேன். நீ அழித்தது அந்தப் பொய்யை. செழியன் யாரிடமாவது புத்தகத்தைக் காட்டிக் கேட்டிருப்பார். அச்சிலும் காத்திரு, பென்சிலிலும் காத்திரு. மனுஷன் எப்படி நம்பாமல் இருப்பார்?

இப்படிப் பார்த்தால் உன்மேல் குற்றமில்லை. ஆனாலும் உன்னை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. என்னையும்தான்.

படகுப் பலகையில் காய்ந்த இடம் என்று எழுதினாயே, அதை நினைக்காமல் ஒரு நாளும் போவதில்லை. அங்கே அவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதில் எனக்குப் பயமில்லை. சின்னப்பொண்ணு சொன்னாளே, எழுந்து போகிறார் என்று, அதுதான். இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவர் இப்போது எழுந்துவிட்டாரே, எங்கே போகிறார்? போன பௌர்ணமி அன்று சாயங்காலம் யாரோ என் வாசல் மணியை அடித்தார்கள். முழங்கால் வலியோடு இறங்கிப் போய்த் திறந்தேன். யாரும் இல்லை. வெளியே மழை. வாசல் கால்மிதியில் கால் வைக்கும் அளவுக்கு மட்டும் ஈரமில்லை.

கதவைச் சாத்த மனம் வராமல் வெகுநேரம் நின்றேன். குளிர் உள்ளே வந்தது.

புத்தகத்தை நீயே வைத்துக்கொள். மார்கழித் திதிக்கு வருவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்தக் கடிதம் முழுக்கப் பேனாவால் எழுதினேன். அதற்கான பதிலை மட்டும் கீழே பென்சிலால் எழுதுகிறேன். உன்னிடம் இன்னும் ரப்பர் இருக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்காகக் காத்திருக்காதே.

வரலட்சுமி