வீட்டைத் தாண்டிப் போன புள்ளி

ஜூலை 8, செவ்வாய்

புது போன் வந்துவிட்டது. தோஹாவில் என் கணவர் நளீமோடு ஒரே அறையில் இருந்த ஷரிபுதீன் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தவர், காலையில் கொண்டுவந்து தந்தார். நான் நைட் டியூட்டி முடித்து வந்து முகம்கூடக் கழுவவில்லை.

"நளீம் எல்லாம் செட் பண்ணித்தான் தந்திரிக்கார். சிம்மைப் போட்டாச் சரி" என்றார்.

பழையதன் கண்ணாடி போன பெருநாளுக்கு முதலே வெடித்துவிட்டது. விரலைக் கீறும். ஆனாலும் எது எங்கே இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும். இது வழுவழுவென்று கையில் நிற்க மாட்டேன் என்கிறது. யூனிபோம் பொக்கெட்டில் போட்டால் பாதி வெளியே நிற்கிறது.

தூங்க வேண்டும். பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறது. பேக்கரிப் பாண்காரனின் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு இரண்டாவது தரமும் போகிறது.

ஜூலை 9, புதன்

இந்தப் போனுக்கு என்னைத் தெரியவில்லை. விரலை வைத்தால் மறுக்கிறது. ஆஸ்பத்திரியில் கை கழுவிக் கழுவி விரல் நுனித் தோல் உரிந்து கிடக்கிறது, அதில் ரேகைக்கு எங்கே போக? முகத்தைக் காட்டினால் மாஸ்க்கைக் கழற்றச் சொல்கிறது. இரவு பத்து மணிக்கு, மகப்பேற்று விடுதியில் ஒரு கட்டில்கூடக் காலியில்லாத நேரத்தில், உறங்கும் நேரம் என்று திரையைத் தானாகவே மங்க வைக்கிறது.

என்னோடு டியூட்டி செய்யும் ஜெனூபா, சின்னப் பிள்ளை, வேலைக்கு வந்து ஒரு வருடம்தான், எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "நம்மட ரோஸ்டர இதுக்கு ஆரும் சொல்லிக் குடுக்கல்ல போல ராத்தா."

ஜூலை 13, ஞாயிறு

வீடியோவில் அவர் முகம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்து இரண்டு வருடமாகிறது. காதோரம் நரைத்திருக்கிறது. மகள் போனைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் ஓடி, வாப்பாவுக்குக் கோழிக்கூட்டையும் காட்டினாள்.

நல்லதுதான். ஆனால் என் முகமும் அவருக்குத் தெளிவாகத் தெரிகிறதே.

"கண்ணுக்குக் கீழ கறுத்துப் போயிருக்கு. பகல்ல படுக்கிறாயா இல்லயா?"

பழைய போனில் ஓம், படுத்தேன் என்று சொல்லித் தப்பிவிடுவேன்.

ஜூலை 17, வியாழன்

ஒரு விஷயம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. காலையில் டியூட்டி முடிந்து வரும்போது கல்முனையில் இறங்கி நின்று, மகளுக்குப் பணிஸ் வாங்கினேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அவர் கோல் எடுத்தார். "பேக்கரியில என்ன வாங்கினாய்?" என்றார். பணிஸ் என்றேன். வேறு ஏதேதோ கதைத்துவிட்டு வைத்தார்.

வைத்த பிறகுதான் உறைத்தது. பேக்கரிக்குப் போனது இவருக்கு எப்படித் தெரியும்? உம்மாவிடம் கேட்டேன். "நான் கதைக்கவே இல்லயே மகள்" என்றா. பணிஸ் பையை அப்போதுதான் மேசையில் வைத்திருந்தேன்.

படுத்தேன். புரண்டேன். எழும்பினேன்.

ஜூலை 18, வெள்ளி

ஜெனூபா போனை வாங்கி இரண்டு தட்டுத் தட்டினாள். கண்டுபிடித்துவிட்டாள்.

"ராத்தா, நீங்க நிக்கிற இடம் அவருக்குப் போய்க்கொண்டே இரிக்கி. தரக்குள்ளயே போட்டுத்தான் தந்திரிக்கார். நிப்பாட்டி விடவா?"

வேண்டாம் என்றேன்.

ஏன் வேண்டாம் என்றேன்? அதிகாலை பஸ்ஸில் தனியாக வரும்போது யாரோ கூட வருகிற மாதிரி ஒரு நினைப்பு வந்தது, உண்மைதான். அதே நேரம் முதுகில் யாரோ கை வைத்த மாதிரியும் இருந்தது. இரண்டும் ஒன்றாக எப்படி வரும்? கேட்டிருந்தால் நானே போட்டுக் கொடுத்திருப்பேன். கேட்கவில்லையே.

ஜூலை 22, செவ்வாய்

கேட்டுவிட்டேன். சிரிக்கிறார். "பாதுகாப்புக்குத்தான் மர்ஷூதா. ரோட்டுல ராவு பகலாத் திரியிற பொம்புள நீ." திரியிற— அந்தச் சொல் பிடிக்கவில்லை. நான் திரிகிறேனா?

டியூட்டியில் இருக்கும்போதும் அழைக்கிறார். விடுதிக்குப் பொறுப்பான சிஸ்டர் திரும்பிப் பார்த்தா. சத்தத்தை நிறுத்தி வைத்துவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

நான் சரியாகத் தூங்கவில்லை என்று போன் சொல்கிறது. எனக்குத் தெரியாதா.

ஜூலை 27, ஞாயிறு

படுத்துப் பார்த்தேன், முடியவில்லை. எழுதினால் தூக்கம் வருமோ தெரியாது.

நேற்று இரவு வீரமுனையிலிருந்து தக்சாயினி என்று ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். முதல் பிள்ளை, ஏழு மாதம். நோவு தொடங்கிவிட்டது, இரத்தமும் போகிறது. அவ்வளவு சின்னப் பிள்ளை பிறந்தால் வைத்துப் பார்க்க மட்டக்களப்புக்குத்தான் அனுப்ப வேண்டுமென்று டொக்டர் சொன்னார். அம்புலன்ஸில் கூடப் போகும் தாதியாக என்னை அனுப்பினார்கள். பையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். போன் அதற்குள் கிடந்தது. அதைப் பற்றி நினைக்கவே நேரமில்லை.

அவளுடைய புருஷன் பிரசாந் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தாள். "மிஸ்ஸி, புள்ள அசையுதா? மிஸ்ஸி, அசையுதா?" வயிற்றில் கையை வைத்திருந்தேன். "ஓம் தங்கச்சி, அசையுது" என்றேன். ஒரு இடத்தில் எனக்குத் தெரியவில்லை. அப்போதும் ஓம் என்றுதான் சொன்னேன். மருதமுனையைக் கடக்கும்போது எங்கள் வீட்டு ஒழுங்கையின் தெரு விளக்கு ஜன்னலால் தெரிந்து மறைந்தது.

பெரியாஸ்பத்திரியில் அவளை ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போது விடிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. அப்போதுதான் பையைத் திறந்தேன். திரை முழுக்க அழைப்புகள். அவர். உம்மா. கூடப் பிறந்த மசூர் காக்கா. மறுபடி அவர்.

நடந்தது இதுதான். அவருடைய போனில் என்னைக் காட்டும் புள்ளி ஆஸ்பத்திரியை விட்டு வெளிக்கிட்டதைப் பார்த்திருக்கிறார். அது எங்கள் வீட்டையும் தாண்டி வடக்கே போயிருக்கிறது. எனக்கு அழைத்திருக்கிறார், நான் எடுக்கவில்லை. காக்காவை எழுப்பி, "ஆரோட போறாள் எண்டு பாருங்க" என்றிருக்கிறார். காக்கா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரி கேட்டில் நின்று, "என்ட தங்கச்சி உள்ளயா, வெளியயா?" என்று சத்தமாகக் கேட்டிருக்கிறார். அம்புலன்ஸில் போனதைச் சொன்னதும் திரும்பிவிட்டார். விடுதிக்கு நான் வந்து சேர்ந்தபோது துப்புரவு செய்கிறவர்கள்கூட என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தார்கள்.

அவருக்குக் கோல் எடுத்தேன்.

"ஒரு சொல்லுச் சொல்லிட்டுப் போயிருக்கலாமே" என்றார்.

"அந்தப் புள்ள மவுத்தாகிருமோ எண்டு வயித்துல கைய வெச்சிக்கொண்டு இரிந்தன் மச்சான். நீங்க ஆரோட எண்டா கேட்டீங்க?"

நான்தான் போனை வைத்தேன்.

ஆரோட. ஆரோட. படுத்தால் அந்தச் சொல்தான் வருகிறது.

ஜூலை 28, திங்கள்

அந்தப் புள்ளியை நிறுத்திவிட்டேன். ஜெனூபா இல்லாமல் நானே தேடிப் பிடித்து நிறுத்தினேன். நிச்சயமாகத்தானா என்று கேட்டது. ஓம் என்பதை அழுத்தினேன்.

ஓகஸ்ட் 1, வெள்ளி

அவர் அழைக்கவில்லை. மகளோடு பேசுகிறார், உம்மாவின் போனில்.

ஜும்ஆவுக்குப் பிறகு காக்கா வந்தார். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, "பகல் கிளினிக்குக்கு மாறு. ஒராளப் புடிச்சிக் கதைச்சிரிக்கன். நீ கடிதம் ஒண்டு குடுத்தாச் சரி" என்றார்.

"என்னக் கேட்டுட்டா கதைச்ச?"

"ஊருல என்ன கதைக்கிறாங்க தெரியுமா?"

"கதைக்க வெச்சது ஆரு காக்கா? கேட்டில நிண்டு சத்தம் போட்டது நானா?"

அவர் தேத்தண்ணி குடிக்காமலே எழும்பிப் போனார். உம்மா அந்தத் தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனா.

பகல் வேலை கசக்குமா எனக்கு? மனிசர் மாதிரி இரவில் தூங்கலாம், மகளுக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பலாம். என்றாவது நானே கேட்டு எழுதுவேன். இப்போது எழுதினால் அந்த இரவில் நான் ஏதோ பிழை செய்தவள் என்று ஆகிவிடும். எழுத மாட்டேன்.

ஓகஸ்ட் 6, புதன்

பிரசாந் விடுதிப் போனுக்கு அழைத்து என்னைக் கேட்டான். ஆண் பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். ஒரு கை அளவுதானாம். பால் இறங்குகிறதாம். "அவதான் சொல்லச் சொன்னவ மிஸ்ஸி" என்றான். அம்புலன்ஸில் கேட்காத குரலை இன்றுதான் கேட்டேன்.

யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யாருக்காவது என்ன, அவருக்குத்தான். எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில், "அந்தப் புள்ள உயிரோட இரிக்கி" என்று மட்டும் அனுப்பினேன்.

பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

அழைத்தார். வீடியோ இல்லை, வெறும் குரல்.

"ஆரோட எண்டு நான் கேட்டது பிழை" என்றார்.

"இஞ்ச நானும் படுக்கிறல்ல மர்ஷூதா. ஷரிபுதீனும் போன பொறகு ரூம்ல ஆருமில்ல. ஒனக்கு விடியிற நேரம் இஞ்ச சாமம். நீ ஆஸ்பத்திரியால வெளிக்கிட்டு வீட்ட போய்ச் சேருமட்டும் அந்தப் புள்ளியப் பாத்துக்கொண்டு இரிப்பன். வீட்டடியில வந்து நிண்டா, மறுகா படுப்பன். அண்டைக்கு அது நிக்காமப் போயிட்டு."

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே இந்த மனிசன். பாதுகாப்பு, ரோட்டு, திரியிற என்றெல்லாம் கதைத்ததற்கு இதை ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

ஆனாலும், திருப்பிப் போட்டுவிடவா என்று நான் கேட்கவில்லை. போடு என்று அவரும் சொல்லவில்லை.

லீவு கிடைக்கும் போலிருக்கிறதாம்.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

உம்மாவிடம் காக்கா கேட்டிருக்கிறார், நான் கடிதம் கொடுத்துவிட்டேனா என்று. "அவள்ட வேல, அவள்ட விருப்பம்" என்று உம்மா சொன்னதைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கேட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

அவர் வந்து ஒரு வாரம். நேற்றுத்தான் எனக்கு நைட் டியூட்டி தொடங்கியது. மாலையில் அவரே கொண்டுபோய் இறக்கினார். காலையில் வருவதாகச் சொன்னார்.

டியூட்டி முடியும் நேரம் பார்த்து ஒரு தாய்க்கு நோவு முற்றிவிட்டது. என் கையை விட மாட்டேன் என்றாள். எப்படி விட்டுவிட்டு வருவது? எல்லாம் முடிந்து நான் வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. கேட்டுக்கு எதிரே, தேத்தண்ணிக் கடைப் பக்கம், மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. ரோட்டைக் கடந்து வரும்போதே ஏன் பிந்தியது என்று சொல்ல வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தேன்.

"பொறந்தது என்ன புள்ள?" என்றார்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பொம்புளப் புள்ள."

"தாய்?"

"சொகமா இரிக்கா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். ஹெல்மெட்டை என் தலையில் மாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

மருதமுனை எப்போது வந்ததென்று எனக்குத் தெரியாது. அவர் முதுகில் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது.