இரண்டாவது பெயர்

பிப்ரவரி 3, திங்கள்

எண் இன்றும் இருபத்தொன்றுதான். காலையில் பல் விளக்கியதும் கணினியைத் திறந்து அதைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பார்க்காவிட்டால் என்னவோ போல இருக்கிறது. பார்த்தாலும் ஒன்றும் ஆவதில்லை.

பேராசிரியர் பதவிக்கு இருபது போதும். விண்ணப்பம் இந்த மாதத்துக்குள் போக வேண்டும். அடுத்த அறிவிப்பு வரும்போது எனக்கு வயது தாண்டியிருக்கும். இந்த முறை கிடைக்காவிட்டால் தனி ஆய்வகம் கிடையாது, மேல் தளத்தோடு சேர்த்துவிடுவார்கள். மேல் தளம் என்றால் மாடிக்காரனின் ஆய்வகம். அவனுக்குக் கீழே நான் — எழுதக்கூடக் கை வரவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

மனைவியின் தம்பி வந்திருந்தான். டயர் கடை வைத்திருக்கிறவன். "அது என்ன நம்பர் அத்தான், அக்கா சொல்லிட்டே இருக்கா?" என்று கேட்டான்.

விளக்கினேன். என் கட்டுரைகளில் இருபத்தொன்றை, ஒவ்வொன்றையும் குறைந்தது இருபத்தொரு தடவை, மற்ற ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அதுதான் எண்.

"அட, நம்ம கடைக்கு நெட்ல ஸ்டார் போடுறாங்களே, அது மாதிரி."

"அது மாதிரி இல்லை."

"அதேதான் அத்தான். ஆனா ஜாக்கிரதை. சொந்தக்காரங்க போட்டதையெல்லாம் போன மாசம் மொத்தமா தூக்கிட்டான். நாலரைல இருந்தேன், மூணுக்கு வந்துட்டேன். அக்கா போட்டதும் போச்சு."

"நான் ஒண்ணும் உனக்காகப் போடலடா," என்றாள் மனைவி. "டயர் நல்லா இருந்துச்சு, போட்டேன்."

இருவரும் சிரித்தார்கள். நான் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மறுபடியும் பதினாலாம் மேற்கோளைச் சேர்த்திருக்கிறாள். என் ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்கிறவள், முனைவர் பட்டம் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. நாங்கள் இப்போது எழுதும் கட்டுரை வெளிவந்தால்தான் அவளுக்கு எங்காவது நிலையான வேலை.

பதினாலு என்பது மாடிக்காரனும் நானும் ஒரே வழிகாட்டியிடம் இருந்த காலத்தில் எழுதியது. உறைந்த திசுவிலிருந்து ஆர்.என்.ஏ.வைச் சிதையாமல் எடுக்கும் முறை. தொட்டால் சிதையும், மூச்சுப் பட்டால் சிதையும் பொருள். ஒரு குளிர்காலம் முழுக்கக் குளிர் அறைக்குள் நின்று அதைச் செய்தவன் நான். அவன் படங்கள் வரைந்தான், எழுதினான். கடைசி நாளில் வழிகாட்டி, "மாநாட்டுல அவன்தானே பேசப் போறான், அவன் பேரு முன்னால இருக்கட்டும்பா. உனக்கென்ன, இன்னும் எத்தனையோ எழுதுவ," என்றார். எழுதினேன்தான். ஆனால் அந்தக் கட்டுரையை இருபத்து மூன்று வருடமாக நான் எங்கேயும் மேற்கோளாகச் சொன்னதில்லை. அவன் எழுதிய வேறு எதையும் சொன்னதில்லை, திறந்து பார்த்ததும் இல்லை.

"சார், நம்ம முறையே அங்கதான் ஆரம்பிக்குது. அதைச் சொல்லலன்னா படிக்கிறவங்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது."

"பரவாயில்லை."

"அதுல உங்க பேரும் இருக்கு சார்."

"ரெண்டாவதா இருக்கு."

வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். அழித்துவிட்டேன்.

பிப்ரவரி 14

லிஃப்டில் மாடிக்காரன். தரையைப் பார்த்தபடி நின்றேன். புதுச் செருப்பு போட்டிருக்கிறான்.

பிப்ரவரி 20, வியாழன்

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. இருபத்தொன்று என்று எழுதும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஏழு வருடங்களுக்கு முன் மாடிக்காரனின் பதவி உயர்வுக் கோப்பு வந்தபோது கல்விக் குழுவில் எழுந்து பேசியது நான்தான். கூட எழுதினவர்கள் தட்டுகிற ஜால்ராவை எல்லாம் மேற்கோள் என்று எண்ணக் கூடாது, எப்போதாவது ஒரு கட்டுரையாவது சேர்ந்து எழுதியவர்கள் சொன்னது கணக்கில் வரக் கூடாது என்றேன். நியாயமான விதி. எல்லோரும் தலையாட்டினார்கள். அவனுக்கு இருந்த எண்ணிக்கையில் அது ஒரு கீறல்கூடப் போடவில்லை. பேராசிரியர் ஆனான், மேலே போனான். ஆனாலும் விதி நியாயமானதுதான்.

எனக்கு நண்பர்கள் இல்லை. என் எண்ணில் ஜால்ரா இல்லை.

பிப்ரவரி 27, வியாழன்

பதவி உயர்வுக் கோப்புகளைப் பார்க்கும் அலுவலகத்து அம்மா கூப்பிட்டார்கள்.

"சார், உங்களுது பன்னெண்டுதான் வருது."

இருபத்தொன்று என்றேன்.

"மொத்தமாப் பாத்தா இருபத்தொண்ணு சார். கூட எழுதினவங்களைக் கழிச்சா பன்னெண்டு. ரெண்டு தரம் போட்டுப் பாத்துட்டேன்."

நான் யாரோடும் அப்படிச் சேர்ந்து எழுதுவதில்லையே, யார் அது என்று கேட்டேன். திரையை என் பக்கம் திருப்பினார்கள். ஒரே பெயர், மேலிருந்து கீழ் வரை.

"மாடி சார்தான். அவர் டிபார்ட்மென்ட்ல இருந்து வர்ற எல்லாத்துலயும் உங்களைச் சொல்லியிருக்காரு. நீங்க ரெண்டு பேரும் எப்பவோ சேர்ந்து ஒண்ணு எழுதியிருக்கீங்களாமே, அதனால கழியுது." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக, "ரூல் நீங்க கொண்டு வந்ததுதான சார்?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

மார்ச் 2, ஞாயிறு

உட்கார்ந்து அவன் கட்டுரைகளைத் திறந்தேன். முதல் தடவை. நான் எழுதிய சின்னச் சின்னத் திருத்தங்கள் — எந்த உப்பு, எவ்வளவு குளிர், எந்த நேரத்தில் நிறுத்துவது, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நான் நினைத்தவை — ஒவ்வொன்றையும் அவன் பயன்படுத்தியிருக்கிறான். பயன்படுத்திய இடத்தில் பெயர் சொல்லியிருக்கிறான். புகழ்ச்சி கிடையாது. செய்முறைப் பகுதியில் ஒரு வரி, என் பெயர், வருடம்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருக்கிறது. தொட்டால் தொடுவது தெரிகிறது, அவ்வளவுதான்.

மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அப்ப அந்த மனுஷன் இத்தனை வருஷமா உங்களைத் திட்டிட்டு இருக்கலையா?" என்றாள்.

"இல்லை போல."

"நீங்க திட்டினதுக்கு நான்தான் சாட்சி," என்று சொல்லிவிட்டு மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

மார்ச் 5

விதிவிலக்கு கேட்கலாம், ஒரு கடிதம் கொடுங்கள் என்றார் இயக்குநர். என்ன எழுத? இது மட்டும் ஜால்ரா இல்லை என்றா? கொடுக்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

பதவி இல்லை.

மார்ச் 19

சாப்பிட்டேன். தூங்கினேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆய்வகத்தை மாற்றினார்கள். ஃப்ரீசரைச் சக்கரம் வைத்துத் தள்ளி, லிஃப்டில் ஏற்றி, மேலே கொண்டுபோனார்கள். என் குளிர்காலங்கள் எல்லாம் அதற்குள்தான். வயரைக் கழற்றியிருந்த நேரத்தில் ஒன்றும் உருகிவிடக் கூடாதே என்று கதவைக் கையால் அழுத்திக்கொண்டே கூடப் போனேன். லிஃப்ட் கதவு திறந்ததும் மாடிக்காரன் நின்றிருந்தான். ஃப்ரீசரின் மறுபக்கத்தைப் பிடித்தான். இருவருமாகத் தள்ளினோம்.

"எங்க வைக்கணும்? நீயே சொல்லு."

"சுவரை ஒட்டி வேண்டாம். சூடாகும்."

"தெரியும். நீதான் எழுதியிருக்கியே அதை."

வயர் செருகி, ஃப்ரீசர் உறுமத் தொடங்கிய பிறகு கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. பழைய 'டா' தானாக வந்துவிட்டது. "ஏன்டா என் பேரை அத்தனை தடவை போட்ட?"

"உன் முறையில செஞ்சேன். வேற யாரு பேரைப் போடுவாங்க?"

"ஒரு தடவகூடச் சொன்னதில்லையே."

"லிஃப்ட்ல நீ என் செருப்பைத்தானே பாத்துட்டு நிப்ப. செருப்புகிட்டயா சொல்லச் சொல்ற?"

நான் கொண்டுவந்த விதி, என் எண், பன்னிரண்டு — எல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. "அன்னிக்கு மீட்டிங்ல நீ பேசினது எனக்குன்னு தெரியும்டா," என்றான். முதல் பெயரைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அது அப்படியேதான் கிடக்கிறது.

என் மேசை ஜன்னல் பக்கம். நான் கேட்காமலே போட்டிருந்தான். எரிச்சலாக இருந்தது. கொஞ்சம்.

ஏப்ரல் 21, திங்கள்

எண்ணைப் பார்க்கவில்லை. மதியம்தான் நினைவுக்கு வந்தது. பிறகும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

கட்டுரையை இதழுக்கு அனுப்பிவிட்டோம். ஆய்வகத்தில் என்னோடு இருப்பவளின் பெயர் முதலில், என் பெயர் கடைசியில். அனுப்புவதற்கு முன் மேற்கோள் பட்டியலைத் திறந்து, பதினாலாம் இடத்தில் நானே தட்டச்சு செய்தேன். அவன் பெயர், காற்புள்ளி, என் பெயர். வருடம்.

அவள் திரையை எட்டிப் பார்த்தாள். அனுப்பும் பட்டனை அழுத்தினாள்.

விதிப்படி இது அவன் கணக்கிலும் வராது, என் கணக்கிலும் வராது.