மேல்பக்கத்துக் கீறல்கள்

இன்றைக்குக் காலையில் பாண்டியில் ஒரு கிட்டார் கடைக்காரர் நம் பழைய கிட்டாரில் இருக்கிற உன் கீறல்களைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். "இன்னா மேடம், எலி கிலி பிராண்டிச்சா?" என்று கேட்டார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று, மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டேன். ஆறிவிட்டால் நான் அவர் பக்கத்து நியாயமும் பேச ஆரம்பித்துவிடுவேன். உனக்குத்தான் என்னைத் தெரியுமே.

எலி இல்லை, நீ. ஐஸ்கிரீம் டப்பா மூடியை முக்கோணமாக நறுக்கி, அதை இடது கையில் பிடித்துக்கொண்டு நாலு வருஷம் வாசித்த நீ. எல்லோருடைய கிட்டாரிலும் கீறல் ஓட்டைக்குக் கீழேதான் விழும். அதற்காகவே அங்கே ஒரு கறுப்புத் தகடு ஒட்டி விற்கிறார்கள். நம்முடையதில் தகட்டின் மேல் என் கீறல், ஓட்டைக்கு மேலே வெறும் மரத்தில் உன் கீறல். இப்போது அது எதிரே சுவரில் சாய்ந்திருக்கிறது. கம்பியைத் தொட்டதில் விரல் நுனி பழுப்பாகி, துரு வாசனை அடிக்கிறது. வாசித்ததும் துணியால் துடை துடை என்று நீ கத்தியதை நான் இன்னும் ஒழுங்காகச் செய்வதில்லை.

ஆறு வருஷம் ஒரே மேசையில் உப்பு பாக்கெட் போட்டோம். நான் எடை போடுவேன், நீ வாயை ஒட்டுவாய். உன் இடது கை போகிற வேகத்துக்கு என் தராசு ஈடு கொடுக்காது. ஷெட்டில் உனக்குப் பேர் இருந்தும் யாரும் அதைச் சொல்லவில்லை. "ஏ பீச்சாங்கை, இங்க வா", "பீச்சாங்கை, டீ வந்துச்சு பாரு". நீ திரும்பிப் பார்த்துப் போவாய். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அந்த வேகத்துக்கு அந்தக் கை வேண்டும், அதில் வந்த லாபம் வேண்டும், கூப்பிடும்போது மட்டும் அது அசிங்கம்.

முதல் உப்பு வாரின அன்று நடந்ததை நான் மறக்கவில்லை. வருஷா வருஷம் பாத்தியில் முதல் உப்பு எடுக்கும்போது பூஜை போட்டு ஷெட் ஆட்களையும் கூப்பிடுவார்கள். கற்பூரம் காட்டி, ஆளுக்கு ஒரு கை உப்பு அள்ளிப் புதுப் பானையில் போட வேண்டும். உன் முறை வந்தது. உனக்கு எந்தக் கை முன்னால் வருமோ அந்தக் கை வந்தது. மேஸ்திரி அத்தனை பேர் முன்னால் கத்தினார்.

"ஏய், அந்தக் கைய எடு! வருஷம் பூரா வெளங்காம பூடும்."

நீ கையை எடுத்தாய். வலது கையையும் நீட்டவில்லை. பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாய். அந்த வருஷம் பங்குனியில் மழை பிடித்துக்கொண்டு குவித்து வைத்த உப்பெல்லாம் கரைந்து ஓடியது. அதற்கும் உன்னைத்தான் சொன்னார்கள். வானத்தைக் கேட்க வேண்டியதை உன்னிடம் கேட்டார்கள். நீ போடவே இல்லையே, பானையில் உன் உப்பு ஒரு கல்கூட இல்லையே என்று நான் சண்டைக்குப் போனேன். "வுடுடி, பதில் சொன்னா நம்பிடப் போறாங்களா?" என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய்.

இப்படிப்பட்ட உன் கையில்தான் என் தம்பியின் கிட்டார் வந்து சேர்ந்தது. கல்லூரியில் சேர்ந்ததும் வாங்கி, மூன்றே மாதத்தில் அலுத்துப்போய், கட்டிலுக்கு அடியில் போட்டிருந்தான். உன்னிடம் காட்டலாம் என்று ஷெட்டுக்கு எடுத்து வந்தேன். ஷிப்ட் முடிந்து, தார்ப்பாய் மூடிய உப்புக் குவியல்களுக்குப் பின்னால் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்தோம். நான் தடுமாறிக்கொண்டிருந்தேன். நீ அதை வாங்கி அப்படியே திருப்பி மடியில் வைத்தாய். தடிக் கம்பி கீழே, சன்னக் கம்பி மேலே. வீடியோவில் சொல்லிக்கொடுத்தவரின் விரல் எதுவும் உனக்குப் பொருந்தவில்லை. நீயே தேடித் தேடி வேறு இடத்தில் விரல் வைத்து அதே சத்தத்தைக் கொண்டுவந்தாய். கம்பியை மாற்றிக் கட்டித் தரட்டுமா என்று கேட்டேன். "அப்ப நீ எப்டி வாசிப்ப?" என்றாய்.

அன்றிலிருந்து ஒரு வாரம் உன் வீடு, ஒரு வாரம் என் வீடு.

மலிவான கிட்டார். கம்பிகள் கழுத்துப் பலகையிலிருந்து எழும்பி நிற்கும். உப்பு அரித்து வெடித்த விரல்களால் அதை அழுத்தினால் கண்ணில் நீர் வந்துவிடும். நல்லதாக ஒன்று வாங்குவோம், இரண்டு பேருக்கும் ஆகிற மாதிரி ஒன்று என்று பேச ஆரம்பித்தோம். போன ஆடித் தள்ளுபடியில் பாண்டிக்குப் போனோமே, இதே கடைக்கு. இதே ஆள்தான். இன்றைக்கு அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கு அவரை நன்றாகத் தெரிந்தது.

"பையனுக்கா அக்கா?" என்றார் அன்றைக்கு.

"எனக்கும் இவளுக்கும்" என்றாய்.

"ரெண்டு வேணுமா?"

"ஒண்ணு போதும்."

நம் காலைப் பார்த்தார். பாதத்தில் உப்பு பட்டு வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்ததைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததை எடுக்காமல் வாசல் பக்கம் தொங்கியதை எடுத்தார். நீலக் கலர், பளபளவென்று, கழுத்துக்குக் கீழே ஒரு பக்கம் வளைத்து வெட்டி, விளிம்பில் சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகுகள் வைத்தது. நான் விழுந்துவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். நீ அதை வாங்கி, பாத்தி வரப்பு நேராக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி ஒற்றைக் கண்ணை மூடிக் கழுத்து நெடுகப் பார்த்தாய்.

"நடுவுல தொப்ப போட்டிருக்குதுபா."

"புது பீஸ் அக்கா அது."

"புதுசுன்னா தொப்ப வராதா?"

பிறகு அதைத் திருப்பி மடியில் வைத்தாய். திருகுகள் உன் தொடையில் போய் இடித்தன. கடைக்காரர் பதறிப்போனார். "அக்கா, தப்பா புடிச்சிருக்கீங்க. இடது கைக்குன்னு தனியா வருது. ஆர்டர் போடணும், வெல ஜாஸ்தி" என்றார். நீ நான்கு வரி வாசித்தாய். கடையில் இருந்த இன்னொருவர் திரும்பிப் பார்த்தார். நீ நிறுத்திவிட்டுக் கேட்டாய்:

"சத்தம் தப்பா வருதா?"

"சத்தம் கரெக்டாத்தான் வருது. ஆனா..."

"அப்ப வுடு."

மூலையில் இருந்த பழுப்புக் கிட்டாரை நீதான் கண்டுபிடித்தாய். வெட்டு இல்லாமல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உடம்பு, திருகு கிருகு இல்லை. கம்பிக்கு அடியில் இரண்டு ரூபாய்க் காசைச் செருகிப் பார்த்தாய். காசு நுழைந்ததும் கம்பி எழும்பி நிற்காமல் அதைத் தொட்டது. கழுத்திலிருந்த ஒவ்வொரு கட்டையிலும் விரல் வைத்து எங்கேயாவது கரகரக்கிறதா என்று கேட்டாய். அவர் கொஞ்சம் மரியாதை வந்தவராக, இது ஒட்டுப்பலகை, கொஞ்சம் கூடப் போட்டால் மேல்பலகை ஒரே மரத்தில் இருக்கிறதை வாங்கலாம், சத்தம் பிரமாதமாக இருக்கும் என்றார். "மழைக்கு எங்க வூட்டுக் கதவையே சாத்த முடியல, ஊதிக்குது. நல்ல மரத்த அங்க எங்கபா வெக்கிறது?" என்றாய்.

எனக்கு அந்த நீலம் போனதில் கோபம். நாம் கட்டிவந்த சீட்டை எடுத்ததும் தை மாதம் வந்து பழுப்பை வாங்கிக்கொள்வோம் என்று நீ சொன்னபோது, "உன் கைக்காக நான் எல்லாத்தயும் வுடணுமா?" என்று கேட்டுவிட்டேன். திரும்புகிற பஸ்ஸில் பொம்மையார்பாளையம் தாண்டி, காலாப்பட்டும் தாண்டி, கூனிமேடு வரைக்கும் நாம் பேசிக்கொள்ளவில்லை. அங்கே ஜன்னலோரம் வேர்க்கடலை வாங்கி எனக்கு நீட்டினாய். இடது கையால்தான். வாங்கித் தின்றேன்.

அது மட்டுமில்லை. மேஸ்திரியைத் திட்டுகிற நான் என்ன யோக்கியம்? என் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவில் வாசலில் நின்று தாம்பூலப் பை கொடுத்தது நீ. என் நாத்தனார் முகத்தைச் சுளித்தாள். நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு உன் காதோரம் வந்து, "இன்னைக்கு மட்டும் வலது கையால குடுடி" என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அப்புறம் வலது கையால் கொடுத்தாய், கடைசி ஆள் போகிற வரைக்கும். உலகமே சொன்னபோது செய்யாததை நான் சொன்னதற்காகச் செய்தாய். இதற்கு நான் உன்னிடம் மன்னிப்பே கேட்கவில்லை.

கேட்க நீ நேரம் கொடுக்கவும் இல்லை. கார்த்திகையில் மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். யாரைக் கேட்டுக்கொண்டு போனாய்? அந்த வாரம் கிட்டார் என் முறை. அதனால்தான் அது என்னிடம் இருக்கிறது.

உன்னை வெளியில் கிடத்தியிருந்தார்கள். வாய்க்கரிசி போட வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் வலது கையால் அரிசியை அள்ளினேன். பக்கத்தில் நின்ற பெரியவர் என் கையைத் தட்டினார்.

"இடது கையாலம்மா. இதுக்கு இடது கையாலதான் போடணும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இடத்திலேயே கத்தியிருப்பேன். எனக்கு முன்னால் மேஸ்திரி போட்டுவிட்டுப் போயிருந்தார், இடது கையால். என் நாத்தனார் போட்டாள், இடது கையால். உன்னை ஒரு நாள் ஒரு பிடி உப்பு அள்ளவிடாத ஊர் முழுக்க வரிசையில் வந்து இடது கையை நீட்டிக்கொண்டு நின்றது. அன்றைக்கு மட்டும் அது சரியான கையாகிவிட்டது. நீ எழுந்து உட்கார்ந்து சிரித்திருக்க வேண்டும். நான் இடது கையால் போட்டேன். பழகாத கை, பாதி அரிசி உன் கழுத்தில் சிதறியது.

தை பிறந்தது. சீட்டுப் பணம் என் பங்கு மட்டும் வந்தது. இன்றைக்குக் கிளம்பினேன். பழையதையும் எடுத்துக்கொண்டுதான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். இருக்கிற பணத்துக்கு நல்லது வேண்டுமென்றால் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் போனேன். கடைக்காரர் ஒரே மரப் பலகை வைத்ததை என் மடியில் வைத்தார். வாசித்துப் பார்த்தேன். அடேயப்பா, அந்தச் சத்தம்! என் வாழ்க்கையில் என் விரலிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததில்லை. பழையதைக் கொடுத்தால் அது எனக்கு.

பழையதை உறையிலிருந்து எடுத்துப் பார்த்தபோதுதான் எலி என்றார். சிரித்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்து, கட்டை விரலால் உன் கீறல்களைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணும் பிரச்சன இல்ல மேடம். இத்த மட்டும் தேச்சு பாலிஷ் போட்டுட்டா இங்க கீறல் இருந்ததே தெரியாது."

பிடுங்கிக்கொண்டேன். மேடம் மேடம் என்று அவர் கையைப் பிசைந்தார். "தெரியணுங்க" என்றேன். என் குரல் கடை முழுக்கக் கேட்டது. அந்த மனிதர் மேல் என்ன தப்பு? ஒரு கிட்டாரைப் பார்த்தார், விலை சொன்னார். ஆனாலும் இத்தனை வருஷமும் எல்லோரும் உன் கையைத் துடைத்துப்போட முயன்றதை எல்லாம் சேர்த்து அவரிடம் காட்டிவிட்டேன்.

கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, அந்தப் பழுப்பு இருக்கிறதா என்று கேட்டேன். மூலையிலேயே இருந்தது. கையில் இருந்த பணத்துக்கு அதுதான் முடியும். ஒற்றைக் கண்ணை மூடிக் கழுத்து நெடுகப் பார்த்தேன். நேராக இருந்தது. காசைச் செருகினேன். ஒவ்வொரு கட்டையாகக் கேட்டேன். கடைசியில் அதைத் திருப்பி மடியில் வைத்து, நீ பிடிக்கிற மாதிரி பிடித்தேன்.

"மேடம், தப்பா புடிச்சிருக்கீங்க."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தேன். "சத்தம் தப்பா வருதா?" என்று கேட்டேன்.

"ஆமா மேடம், தப்பாத்தான் வருது" என்றார் பாவம்.

தப்பாகத்தான் வந்தது. என் வலது கை விரல்களுக்குக் கம்பியை அழுத்தத் தெரியவில்லை, இடது கைக்கு மீட்டத் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பில் போடச் சொன்னேன்.

இப்போது புதுசு என் மடியில் இருக்கிறது. உன் கையை உத்தேசித்து வாங்கினது, ஆனால் அதன் மேல்பக்கம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. அது எனக்குப் பொறுக்கவில்லை. பழையதின் உறையில் உன் முக்கோண மூடித் துண்டு கிடந்தது. எடுத்து, கிட்டாரைத் திருப்பிவைத்து, இடது கையால் ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தேன்.

கம்பியில் பாதிதான் பட்டது. மிச்சம் மரத்தில் விழுந்து கோணலாக ஒரு கீறல் விழுந்திருக்கிறது.