மருந்துப் பட்டியலில் இல்லாத பழம்

நாள் 212. காலை 07.10. செவ்வாய், இரண்டாம் நிலையம்.
காற்றழுத்தம் சரி. நீர் சரி. பசுமைக்கூடத்தில் கோஜிச் செடி காய்த்துக் குலுங்குகிறது. கண்ணுக்கும் உடம்புக்கும் நல்லது என்று சீனர்கள் காலங்காலமாகச் சாப்பிடும் சிவப்புப் பழம். வளர்த்தவள் தாவரவியலாளர் இசக்கியம்மாள், அதாவது நான். கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், கண்டுகொள்ள ஆளில்லை. இங்கே என்னைத் தவிர இருப்பவன் அருளப்பன் மட்டும், எங்களைத் திருப்பி அழைத்துப்போகும் கலத்தின் ஓட்டுநர். அவனுக்குக் கழுத்துச் சிரையில் ரத்தக்கட்டு. ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் வார்ஃபரின் மாத்திரை.

நாள் 219. 13.40.
ரத்தம் உறையும் நேரம் பார்க்கும் பட்டைகள் தீர்ந்துவிட்டன. பூமியிலிருந்து டாக்டர் நசீமா: "மாத்திரையோட வேற மூலிகை, நாட்டு மருந்து ஏதாச்சும் எடுக்கறாரா?" இல்லை என்று அனுப்பினேன். ரசத்தில் ஒரு கைப்பிடி கோஜி போடுவது சமையல்தானே. நாளை பூமிக்கும் எங்களுக்கும் நடுவே சூரியன் குறுக்கே வருகிறது. பதினான்கு நாள் பூமியோடு பேச்சில்லை.

நாள் 224. 08.05.
உள்தொடர்பில் அருளப்பன்: "எக்கா, பல்லு தேச்சா ரத்தமா வருது. தொடையில நீலமா கட்டியிருக்கு." வைட்டமின் சி குறைவாக இருக்கும். பழத்தை இரட்டிப்பாக்கினேன். "இன்னும் ரெண்டு நாள்ல எனக்கு கிளி மூக்கு மொளைச்சிரும்க்கா" என்றான். குடித்தான்.

நாள் 227. 16.20.
மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. நிலைய நூலகத்தில் வார்ஃபரின் பக்கத்தை இன்றுதான் கடைசிவரை படித்தேன். கோஜியோடு சேர்ந்தால் ரத்தப்போக்கு வரலாம். அடியிலிருந்து மூன்றாவது வரி. இரண்டையும் நிறுத்தினேன். ரத்தத்தை உறையவைக்கும் வைட்டமின் கே ஊசி ஒன்றே ஒன்று இருந்தது, போட்டுவிட்டேன்.

19.00.
தலை வலிக்கிறது என்கிறான். என் தப்புதான் என்று சொன்னேன். "வுடுங்கக்கா. ரசம் நல்லாத்தான் இருந்துச்சு." ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாள் 228. 11.15.
அருளப்பன் 10.52க்கு இறந்தான். கழுத்து ரத்தக்கட்டால் அல்ல. மூளையில் ரத்தக்கசிவு என்று நினைக்கிறேன். பார்க்கக் கருவியில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை.

நாள் 234. 09.30.
பூமியின் குரல் வந்துவிட்டது. "அருளப்பன் எப்படி இருக்காரு? மூலிகை எதுவும் இல்லைன்னீங்க, அப்ப மாத்திரைய அப்படியே தொடரலாம்." பதிலை மூன்று முறை தொடங்கி அழித்தேன். கலத்தை ஓட்ட எனக்குத் தெரியாது. அடுத்த கலம் வர இரண்டு வருடம். பொட்டலச் சாப்பாடு அறுபது நாளுக்கு. பிறகு இந்தச் செடிதான். வாடவில்லை, இன்றும் பழுத்திருக்கிறது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: அவன் கேட்டு வாங்கிக் குடிக்கவில்லை. நான்தான் ஊற்றினேன். கிண்ணம் நிறைய, இரண்டு வேளையும். பல்லில் ரத்தம் வந்த பிறகும் நான்